டிரான்ஸ்குளூட்டமினேஸ்: எந்தத் தரவுதளத்தில் எதைப் பார்ப்பது?

புரதங்களைக் குறுக்காகப் பிணைக்கும் இந்த நொதிகளில் ஆய்வு செய்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

மேடம், இப்போதுதான் ஆய்வைத் தொடங்குகிறேன். எங்கிருந்து ஆரம்பிப்பது?

யூனிப்ராட் என்ற புரதத் தரவுதளத்திலிருந்து. ஆனால் பெயரை மட்டும் கொடுத்துத் தேடாதீர்கள். டிஜி2, டிஜிஎம்2, திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ் எல்லாம் ஒரே நொதிதான். ரத்தம் உறைவதில் பங்கேற்கும் காரணி 13 இதே குடும்பம் என்பது பெயரில் தெரியவே தெரியாது. ஈசி 2.3.2.13 என்ற நொதி வகைப்பாட்டு எண்ணைக் கொடுங்கள், எல்லோரும் வந்துவிடுவார்கள். சிவப்பணுவில் உள்ள பேண்ட் 4.2 என்ற புரதம் மட்டும் வராது. அதுவும் உறவுதான், ஆனால் பிணைக்கும் திறன் இல்லை.

காரணி 13இல் 34ஆவது அமினோ அமிலமான வேலின் லூசினாக மாறுவதாகக் கட்டுரைகளில் இருக்கிறது. யூனிப்ராட்டில் 34ஆவது இடத்தில் கிளைசின்தான் உள்ளது. எது சரி?

இரண்டும் சரி, எண்ணத் தொடங்கும் இடம்தான் வேறு. செல்லுக்குள் இந்தப் புரதத்தின் முதல் மெத்தியோனின் வெட்டப்பட்டுவிடும். பழைய கட்டுரைகள் அதற்கு அடுத்ததை 1 என்று வைத்து எண்ணுகின்றன. யூனிப்ராட் மெத்தியோனினையும் சேர்த்து எண்ணுகிறது. அதனால் உங்கள் வேலின் அங்கே 35. வினை நடத்தும் சிஸ்டீன் கட்டுரையில் 314, அங்கே 315. திராம்பின் என்ற நொதி இந்தப் புரதத்தை 37க்கும் 38க்கும் நடுவே வெட்டுகிறது என்று படித்திருப்பீர்கள், அதையும் ஒன்று கூட்டிக்கொள்ளுங்கள். ஆனால் இதைக் குடும்பம் முழுக்க விதியாக்கிவிடாதீர்கள்; டிஜி2இன் சிஸ்டீன் 277 இரண்டு இடத்திலும் 277தான். இதைச் சரிபார்க்காமல், மாற்றத்தை உண்டாக்கும் பிரைமரை (சிறு டிஎன்ஏ துண்டை) ஆர்டர் செய்தால் பக்கத்து அமினோ அமிலம் மாறிவிடும், மாதக்கணக்கில் உழைப்பு வீணாகும். குறிப்பேட்டில் வெறும் எண்ணை எழுதாமல், இருபுறமும் இரண்டிரண்டு அமினோ அமில எழுத்துகளையும் சேர்த்து எழுதுங்கள். தயவுசெய்து இதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

அக்கா, டிஜி2க்குத் தடுப்பான் தேடுகிறேன். ஆல்ஃபாஃபோல்ட் கணித்துத் தரும் வடிவ மாதிரியை வைத்து டாக்கிங் (கணினியில் பொருத்திப் பார்ப்பது) செய்யலாமா?

அதை மட்டும் நம்ப வேண்டாம். டிஜி2 வடிவம் மாறும் நொதி. ஜிடிபி (குவானோசின் டைபாஸ்பேட்) என்ற மூலக்கூறு பிணைந்திருக்கும்போது சுருங்கி மூடிக்கொள்ளும், வினைமையத்துக்கு வழி அடைபடும். தடுப்பான் பிணைந்தபோது கடைசி இரண்டு பகுதிகளும் விலகி, நொதியே நீண்டுவிடுகிறது. பிடிபி என்ற புரத வடிவத் தரவுதளத்தில் மூடிய வடிவத்தின் பதிவு 1கேவி3, திறந்ததன் பதிவு 2கியூ3இசட். இரண்டையும் இறக்கி ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். வினைமையத்தில் உட்காரும் தடுப்பான் என்றால் திறந்த வடிவத்தையே எடுங்கள்.

பிரெண்டா என்ற நொதித் தரவுதளத்தில் சில பதிவுகளில் கால்சியம் வேண்டும், சிலவற்றில் வேண்டாம் என்று இருக்கிறதே?

உயிரினத்தின் பெயரை முதலில் பாருங்கள். உணவுத் தொழிலில் பயன்படும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் மொபாரென்சிஸ் என்ற பாக்டீரியாவின் நொதியும் அதே ஈசி எண்ணில்தான் இருக்கிறது. அதற்குக் கால்சியம் தேவையில்லை, மனித நொதிகளுக்குத் தேவை.

இந்த நொதி எந்தெந்தப் புரதங்களைப் பிணைக்கும் என்ற பட்டியல் உண்டா?

டிரான்ஸ்டேப் என்று ஒன்று உண்டு. ஹங்கேரியின் டெப்ரெட்சென் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தொகுத்தது. குளூட்டமினைத் தரும் புரதம் எது, லைசினைத் தரும் புரதம் எது என்று பார்த்துப் படியுங்கள். சோதனைக்குழாயில் பிணைந்ததெல்லாம் செல்லுக்குள்ளும் பிணையும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. அதனால் ஒவ்வொன்றுக்கும் மூலக் கட்டுரையைத் திறந்து, சோதனை எதில் நடந்தது என்று பார்த்த பிறகு உங்கள் பட்டியலில் சேருங்கள்.