கற்பனைப் பேரரசுக்கு நிஜப் பேரரசை அச்சா வச்சுக்கறது எப்படி? கேளுங்க, சொல்றேன்

ரொம்ப வருஷமா டேபிள்டாப் கேம் (மேசையைச் சுத்தி உக்காந்து ஆளுக்கொரு கேரக்டரா ஆடற கதை விளையாட்டு) நடத்திட்டு இருக்கேன், என் உலகத்துல வர்ற பேரரசு முக்கால்வாசி வரலாற்றுல இருந்து சுட்டதுதான். எப்படி சுடணும்னு மட்டும் கொஞ்சம் தெரியும். கேளுங்க.

கேள்வி: அண்ணா, என் பேரரசுல செனட்னு பெரியவங்க சபை இருக்கு, லெஜியன்னு படை இருக்கு, கழுகுக் கொடி இருக்கு. பிளேயர்ஸ் பாத்ததும் "ஓ, ரோமா"ன்னு சொல்லிட்டு போனை நோண்ட ஆரம்பிச்சுடறாங்க. எங்க தப்பு?

பதில்: ரோமோட சட்டையை எடுத்துட்டீங்க தம்பி, தலைவலியை எடுக்கல. கி.பி. 235ல இருந்து 284 வரைக்கும் பாருங்க, அம்பது வருஷத்துக்குள்ள இருபதுக்கு மேல பேரரசர்கள், பாதிக்கு மேல படையே தூக்கி உக்கார வச்சு படையே போட்டுத்தள்ளினவங்க. புதுசா வர்றவரு படைக்கு அள்ளிக் குடுக்கணும், கையில வெள்ளி இல்ல, அதனால காசுல செம்பைக் கலக்கறாங்க, கலந்தா விலைவாசி ஏறுது, ஏறினா படை மறுபடி சம்பளம் கேக்குது. இந்த ஒரு சுழலை மட்டும் எடுத்து கேம்ல போடுங்க. பிளேயர் நீட்டற காசை சத்திரக்காரர் கல்லுல தேச்சுப் பாத்துட்டு "இது போன ராஜா காசா, இந்த ராஜா காசா?"ன்னு கேக்கட்டும். கழுகு, டோகாங்கற ரோம் அங்கி ஒண்ணும் வேணாம், ரோம்னு ஒருத்தரும் கண்டுபிடிக்க மாட்டாங்க.

கேள்வி: எழுத்தே இல்லாத பெரிய சாம்ராஜ்யம் நம்பற மாதிரி இருக்குமா? மேஜிக் வச்சு ஒப்பேத்திடலாமா?

பதில்: மேஜிக்கே இல்லாம தென் அமெரிக்காவுல இன்கா பேரரசு பண்ணிக் காட்டிட்டாங்களே. ஏறிப்போக குதிரை இல்ல, சரக்கு இழுக்க வண்டி இல்ல, இரும்பு இல்ல, நாம சொல்ற மாதிரி எழுத்து இல்ல, சந்தைப் பணமும் இல்ல. ஆனா ஆண்டீஸ் மலை நெடுக கிட்டத்தட்ட 40,000 கிலோமீட்டர் ரோடு, அதுல ஆள் மாத்தி ஆள் ஓடி சேதி சேக்கற சாஸ்கிகள், வழியெல்லாம் நிரம்பின கிடங்கு. வரின்னா காசு இல்ல, உடம்பு உழைப்பு, அதுக்குப் பேரு மித்தா. கணக்கு மொத்தமும் கிப்புன்னு முடிச்சு போட்ட கயித்துல. இப்ப யோசிங்க, பிளேயர்ஸ் திருட வேண்டியது தங்கம் இல்ல, ஒரு கயிறு. திருடிட்டு வந்தா யாருக்கும் படிக்கத் தெரியாது, அதனால முடிச்சு படிக்கற ஆளையும் சேத்து தூக்கிட்டு வரணும்.

இதை விட எனக்குப் பிடிச்சது அவங்க வாரிசு முறை. ராஜா செத்தா பட்டம் ஒரு மகனுக்கு, ஆனா அவர் சேத்த நிலம், அரண்மனை, வேலையாள் எல்லாம் செத்தவருக்கே. பாடம் பண்ணின உடம்பை மத்த வாரிசுகள் வச்சுக் காப்பாத்துவாங்க, திருவிழாவுக்கு வெளிய கொண்டு வந்து படையல் போடுவாங்க. அப்ப புது ராஜா தனக்குன்னு சொத்து சேக்க என்ன பண்ணுவாரு? புது நாடு பிடிக்கணும். அவங்க பரவினதுக்கு இதுவும் ஒரு காரணம்னு சொல்ற அறிஞர்கள் உண்டு. நீங்க இதுல ஒரு சின்ன மாத்தம் பண்ணா போதும், செத்தவங்க நிஜமாவே பேசுவாங்கன்னு வைங்க. பத்து தலைமுறை ராஜாவும் உசுரோட இருக்கற மாதிரி சொத்தை விட மாட்டேன்னு உக்காந்திருக்காங்க, இளவட்ட ராஜா கையில அஞ்சு பைசா இல்ல. எந்த ட்ராகனும் இவ்ளோ நல்ல வில்லன் கிடையாது.

கேள்வி: சார், சோழர்களை வச்சு பண்ணணும்னு ஆசை. புலிக்கொடி, கப்பற்படை தவிர என்ன எடுக்கலாம்?

பதில்: கோயிலை எடுங்க. கோயில்னா கோபுரத்தைச் சொல்லல, அதோட வரவு செலவை. சோழர் காலக் கோயில் நிலம் வச்சிருந்துச்சு, பொன்னும் காசும் வச்சிருந்துச்சு, ஊர்ச்சபைக்குக் கடன் குடுத்து வட்டி வாங்கிச்சு, எல்லாத்தையும் கல்லுல வெட்டி வச்சுது. உங்க உலகத்துல கடவுள் நிஜமா இருக்காருல்ல, அப்ப வட்டி கட்டாதவன் வீட்டு வாசல்ல நேர்லயே வந்து நிப்பாரே! 1025ல ராஜேந்திரன் படை சுமத்ரா பக்கம் இருந்த ஸ்ரீவிஜயத் துறைமுகங்களை அடிச்சுது, ஆனா அங்கயே உக்காந்து நிரந்தரமா ஆளல. ஏன் போனாங்கன்னு கேட்டா கடல் வணிகமும் காரணம்னு நிறைய பேர் சொல்றாங்க, ஐந்நூற்றுவர் மாதிரி வணிகக் குழுக்கள் அந்தக் கடல்ல இருந்தாங்க. உங்க கேம்ல ராஜாவுக்கு எந்தப் போர்னு வணிகர்கள் காதுல ஓதட்டும்.

உத்தரமேரூர் குடவோலையையும் விடாதீங்க. அது பிராமண ஊர்ச்சபை, ஊர் மொத்தமும் ஓட்டுப் போட்ட மாதிரி நினைச்சுக்காதீங்க. ஆனா அதுல வாரியத்துல இருந்துட்டு கணக்கு காட்டாதவருக்கு மறுபடி இடம் இல்ல, அவரோட சொந்தக்காரங்களுக்கும் இல்ல. சித்தப்பா திருடினதுக்கு பதவி போன ஒரு பிளேயர் கேரக்டர், எப்படி இருக்கும்?

கேள்வி: ரெண்டு பேரரசைக் கலக்கலாமா ப்ரோ?

பதில்: தாராளமா. சோறு எங்க இருந்து வருதுங்கறதை மட்டும் ஒரே இடத்துல இருந்து எடுங்க. மங்கோலியக் குதிரைப்படையை அடர்ந்த காட்டுக்குள்ள வச்சா குதிரை எதைத் தின்னும்?

கேள்வி: ஆஸ்டெக் மாதிரி நரபலி குடுக்கற வில்லன் நாடு வச்சிருக்கேன். ஃப்ரெண்டு ஒருத்தி இது சரியில்லங்கறா. மாத்தணுமா?

பதில்: அவங்க சொல்றதுல நியாயம் இருக்கு. பலியை மட்டும் உருவிட்டு வந்தா அது ஒரு மக்கள் இல்ல, பூச்சாண்டி. மெக்சிகோவுல இருந்த அந்தப் பேரரசு நிறைய இடத்துல உள்ளூர் ராஜாக்களை அப்படியே விட்டு கப்பம் வாங்கினது, பக்கத்துலயே த்லாஷ்கலான்னு ஒரு நாடு அடங்காம நின்னது. 1521ல தலைநகரம் விழுந்தப்ப, அதைப் பிடிச்ச ஸ்பானியத் தளபதி கோர்டெஸ் பக்கம் இருந்தவங்கள்ல ஸ்பானியர்கள் கொஞ்சம், உள்ளூர்க் கூட்டாளிகள் பல ஆயிரம். கப்பம் கட்டிக் கட்டி வெறுத்துப் போன பக்கத்து ஊரை பிளேயர்ஸ் முன்னாடி நிறுத்துங்க, யார் வில்லன்னு அவங்களே அடிச்சுக்கட்டும்.

கேள்வி: மேப்ல பேரரசு எவ்ளோ பெருசு போடலாம்? ஒரு கணக்கு சொல்லுங்க.

பதில்: சேதி போற வேகம்தான் கணக்கு. பழைய பாரசீகப் பேரரசுல, இன்னைக்கு துருக்கியில இருக்கற சார்டிஸ்ல இருந்து ஈரான்ல இருக்கற சூசாவுக்கு ராஜபாட்டை சுமார் 2,500 கிலோமீட்டர், நடந்தா மூணு மாசம்னு கிரேக்க வரலாற்று ஆசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதறாரு. அவ்ளோ தூரத்துல ஒரு ஆளுநர் முறைச்சா தலைநகரத்துக்குத் தெரியறதுக்குள்ள அவர் படையே திரட்டிடலாம், அதனாலதான் வழியெல்லாம் குதிரை மாத்தற இடம் வச்சாங்க. உங்க உலகத்துல நொடியில இடம் மாத்தற டெலிபோர்ட் மந்திரம் இருந்தா இந்தக் கவலையே இல்ல, ஆனா அந்த மந்திரம் தெரிஞ்ச நாலு பேரு யார் பிடியில இருக்காங்கன்னு முதல்ல எழுதிட்டு அப்புறம் மேப்பைத் தொடுங்க.