சென்னையிலிருந்து முதல்முறை வெளிநாடாக இலங்கை வருகிறோம். கெம்பர் வேனில் (உள்ளேயே தங்கித் தூங்கும் வண்டி) மலையகம் சுற்ற எப்படித் தயாராவது?

முதலில் காகிதம். இந்திய லைசென்ஸுடன் சர்வதேச அனுமதிப்பத்திரத்தையும் எடுத்துவாருங்கள். இங்கு ஓட்டத் தேவையான அங்கீகாரத்தை வந்ததும் பெறுங்கள். வாடகைக்குத் தருபவரே வழிசொல்வார்.

உண்மையான தயாரிப்பு இறக்கத்துக்குத்தான். நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீற்றர் உயரம். அங்கிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும்போது வளைவுக்குமேல் வளைவு. படுக்கை, தண்ணீர்த் தாங்கி, காஸ் சிலிண்டர் எல்லாம் சுமக்கும் வண்டியைப் பிரேக்கை மட்டும் நம்பி இறக்காதீர்கள். சூடேறினால் பிரேக் பிடிக்காமல் போகும். இறக்கம் தொடங்கும் முன்பே இரண்டாம் கியருக்கு வந்துவிடுங்கள். ஒட்டோமற்றிக் என்றால் 'எல்' அல்லது '2'. கருகல் வாடை வந்தால் உடனே ஓரங்கட்டி, அரைமணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றவே வேண்டாம். நான் இதை எல்லோரிடமும் கெஞ்சிச் சொல்வேன், ஏனென்றால் எங்கள் ஊர்ப் பாதையில் கவிழ்ந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

ஏறிவரும் பஸ்ஸுக்கு வழிவிடுங்கள். வளைவில் ஹோன் அடிப்பது இங்கே மரியாதைக் குறைவல்ல.

ஹட்டன், நுவரெலியாப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை நல்லது. மே முதல் செப்டம்பர் வரை அங்கே மழை. அப்போது பண்டாரவளை, எல்ல ஆகிய ஊர்ப் பக்கம் வெயிலடிக்கும். மண்சரிவு எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

இரவில் மண்மேட்டின் கீழே நிறுத்தாதீர்கள். தேயிலைத் தோட்டத்துக்குள் என்றால் தோட்ட அலுவலகத்தில் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். கம்பளி கட்டாயம்.