பிரிண்டர் பழுதில்லை, விண்டோஸ்தான் மாறிவிட்டது

கேள்வி: மல்லாவியில் சின்னதாக ஒரு கொம்யூனிகேசன் வைத்திருக்கிறேன். போட்டோக்கொப்பி, விண்ணப்பம் நிரப்புதல், 31ஆம் நாள் கல்வெட்டு (இறந்தவர் நினைவாக அச்சிடும் சிறு நூல்), கலியாணக் காட் எல்லாம் செய்கிறோம். கல்வெட்டுகள் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், பாமினி எழுத்துருவில்தான். விண்டோஸ் 10க்கு இனி அப்டேட் இல்லை என்று கேள்விப்பட்டு, கிளிநொச்சியில் ஒரு கடையில் 11 போடுவித்தேன். முந்தியிருந்த விண்டோஸ் 32 பிட் பதிப்பு. இப்போது லேசர் பிரிண்டரை ஏற்கவில்லை, பேஜ்மேக்கரும் இன்ஸ்டால் ஆகவில்லை. கடைக்காரர், "பிரிண்டர் பழசு, புதிசு வாங்குங்கோ" என்கிறார். பழையபடி திரும்ப முடியாதா? முறையிடலாமா?

பதில்: பிரிண்டருக்கு இப்போதைக்குக் காசைக் கொட்ட வேண்டாம். அது நல்லாகத்தான் இருக்கிறது. விண்டோஸ் 11 இல் 32 பிட் பதிப்பே கிடையாது, 64 பிட் மட்டும்தான். பிரிண்டரை விண்டோஸோடு இணைக்கும் மென்பொருள்தான் டிரைவர்; 32 பிட் டிரைவர் 64 பிட் விண்டோஸில் ஓடாது. பிரிண்டரின் மொடல் இலக்கத்தைச் சரியாகப் பார்த்து, தயாரித்த நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் 64 பிட் டிரைவர் இருக்கிறதா என்று தேடுங்கள். விண்டோஸ் 10க்கு என்று போட்டிருந்தாலும் பெரும்பாலும் 11 இல் வேலை செய்யும். கூகிளில் முதலில் வந்து நிற்கும் 'இலவச டிரைவர்' தளங்கள் பக்கம் மட்டும் போகாதீர்கள்.

பேஜ்மேக்கர் கதை வேறு. அதன் கடைசிப் பதிப்பு 7.0, 2001 இல் வந்தது. அதோடு சரி. அந்தக் காலத்து மென்பொருள் சிலவற்றின் இன்ஸ்டோலர், அதாவது அதைக் கணினியில் ஏற்றும் கோப்பு, 16 பிட். 64 பிட் விண்டோஸ் அதைத் திறக்கவே மறுக்கும். ஆனால் நீங்கள் செய்துவைத்த கல்வெட்டுகள் தொலையவில்லை. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஓபிஸ் பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறக்கும். பாமினி எழுத்துருவை முதலில் ஏற்றிக்கொள்ளுங்கள். வரிகள், படங்கள் கொஞ்சம் இடம் மாறும், உள்ளடக்கத்தைக் காப்பாற்றலாம்.

திரும்பும் விசயம். பத்து நாளுக்குள் பழைய விண்டோஸுக்குப் போகலாம் என்று சொல்வார்கள். அது உள்ளதன் மேலேயே அப்கிரேட் செய்தவர்களுக்கு. 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்கு அப்படிப் போக வழியில்லை, ஆகவே கடையில் புதிதாகத்தான் போட்டிருப்பார்கள். திரும்ப வேண்டுமென்றால் விண்டோஸ் 10, 32 பிட்டை மறுபடி போட வேண்டும். அதற்கு முன் கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் எடுத்துவிடுங்கள். இதைக் கடைக்காரரிடம் விடாதீர்கள், பக்கத்தில் நின்று எடுங்கள்.

என்னைக் கேட்டால், கடைக்கு இரண்டு கணினி வேண்டும். பழைய விண்டோஸும் பேஜ்மேக்கரும் பிரிண்டரும் ஒன்றில், இணையத் தொடர்பே இல்லாமல். விண்ணப்பம், மின்னஞ்சல், வங்கி வேலை எல்லாம் அப்டேட் வருகிற மற்றதில். சனம் கொண்டுவரும் பென்டிரைவை முதலில் இந்த அப்டேட் வருகிற கணினியில் செருகி வைரஸ் பார்த்து, தேவையான கோப்பை மட்டும் உங்கள் சொந்தப் பென்டிரைவில் பழைய கணினிக்குக் கொண்டு போங்கள். இணையம் இல்லாத கணினிக்கு வைரஸ் வராது என்று எங்கள் பக்கத்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அது பிழை, வைரஸ் பென்டிரைவில் ஏறியும் வரும். மற்றவர்களின் அடையாள அட்டைப் பிரதிகள் கிடக்கிற கணினி உங்களுடையது.

ஒரு கணினிதான் வைத்திருக்க முடியும் என்றால் விண்டோஸ் 10க்கே திரும்பலாம். அதன் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. ஆனால் பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் 2026 ஒக்டோபர் 13 வரை நீட்டிக்கும் திட்டம் இருக்கிறது. மைக்ரோசொப்ட் கணக்கில் கணினியின் செட்டிங்ஸைச் சேமிக்கச் சம்மதித்தால் இலவசம், இல்லாவிட்டால் 30 டொலர்.

முறைப்பாடு: நீங்கள் கேட்டதைத்தான் கடைக்காரர் செய்திருக்கிறார். என்றாலும் என்னென்ன நின்றுபோகும் என்று முன்கூட்டியே சொல்லாதது அவர் பிழை. இன்டெல் புரொசெசர் 8ஆம் தலைமுறைக்கு முந்தியது என்றால், மைக்ரோசொப்ட் ஏற்காத கணினியில் விண்டோஸின் தகுதிச் சோதனையை ஏமாற்றி 11 ஐ ஏற்றியிருக்கிறார் என்று அர்த்தம்; அதையும் கேளுங்கள். கூலி வாங்காமல் 10 ஐத் திரும்பப் போட்டுத் தரச் சொல்லுங்கள். மறுத்தால் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் உங்கள் பக்கம்: எந்தச் சேவையும் உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்யப்பட வேண்டும். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977. மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும், பற்றுச்சீட்டு இருந்தால்தான் பேச்சு எடுபடும்.

கேள்வி: ஒட்டுசுட்டானில் இருக்கிறோம். மகளின் உயர்தரப் படிப்புக்கு வவுனியாவில் பாவித்த மடிகணினி பார்க்கிறோம். எதைக் கவனிக்க?

பதில்: மேலே சொன்ன 8ஆம் தலைமுறைதான். ஒட்டியிருக்கும் ஸ்ரிக்கரை நம்பாமல் செட்டிங்ஸில் புரொசெசர் பெயரைப் பாருங்கள். ஐ5-8250யூ என்றால் சரி, ஐ5-7200யூ என்றால் வேண்டாம். 10, 11 என்று தொடங்கினால் இன்னும் நல்லது. ராம் 8 ஜிபி இருக்கட்டும். சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கடையிலேயே அரை மணி நேரம் ஓட விடுங்கள். மொடல் இலக்கத்தையும் உத்தரவாதக் காலத்தையும் பற்றுச்சீட்டில் எழுதுவித்த பிறகு காசைக் கொடுங்கள்.