16 வயதில் அகாடமியிலிருந்து விடுவிக்கப்பட்ட பையனுக்குக் கால்பந்தில் இனி வழி இருக்கிறதா?

இருக்கிறது. உங்கள் மகனும் பின்கள ஆட்டக்காரன் என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் வழக்கமாகப் படித்துவிட்டு மட்டும் போகிற நான் இன்று எழுத உட்கார்ந்தேன். அநேகமாக இந்நேரம் அவன் அறைக்கதவு சாத்தியிருக்கும். நீங்கள் வெளியே நின்றுகொண்டிருப்பீர்கள். நானும் நின்றிருக்கிறேன்.

நாங்கள் இங்கிலாந்தில் இருக்கிறோம். என் மகனுக்கு ஸ்காலர்ஷிப், அதாவது 16 வயதுக்குப் பிறகும் கிளப்பின் அகாடமியில் தொடர்வதற்கான ஒப்பந்தம், கிடையாது என்று 2015 டிசம்பரில் சொல்லிவிட்டார்கள். எட்டு வருடம் அங்கே ஆடியவனுக்குப் பத்து நிமிடச் சந்திப்பு. உயரம் போதவில்லையாம். சீசன் முடியும்வரை வரலாம் என்றார்கள், போனான். மே மாதம் கடைசி ஆட்டம் முடிந்து வந்தவன், பூட்ஸைச் சேறோடு ஒரு பிளாஸ்டிக் பையில் முடிந்து மாடிப்படிக்குக் கீழே தள்ளினான். அந்தப் பையை எடுக்க எங்களில் யாருக்கும் கை வரவில்லை.

அந்த எட்டு வருடத்தில் எங்கள் பகுதியின் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸை வேறு நிறுத்தினார்கள். கார் இல்லாத குடும்பத்துப் பிள்ளை காலை 9 மணிக்கு மைதானத்துக்கு எப்படிப் போவான் என்று யாராவது யோசித்தார்களா? மூன்று கடிதம் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. இன்றைக்கும் அந்த நிறுத்தத்தைத் தாண்டும்போது வயிறு எரிகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2016 ஜூலை 1, ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோ கோப்பையின் கால் இறுதி. பிரான்ஸின் லில் நகரில் வேல்ஸும் பெல்ஜியமும். நான் கீழே தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெல்ஜியம் முதல் கோல் போட்டுவிட்டது. 31ஆவது நிமிடத்தில் ராம்சி அடித்த கார்னருக்கு வேல்ஸ் கேப்டன் ஆஷ்லி வில்லியம்ஸ் ஓடி வந்து தலையால் முட்டினார். கோல். நேராகத் தம் பெஞ்சை நோக்கி ஓடினார். நான் போட்ட கூச்சலில் மகன் இறங்கி வந்து பாதிப் படியில் உட்கார்ந்தான். ‘யாருப்பா அடித்தது?’ என்றான். ‘உன்னைப் போல 16 வயதில் கழித்துவிடப்பட்டவர்’ என்றேன்.

வில்லியம்ஸை அந்த வயதில் விடுவித்தது வெஸ்ட் பிராம்விச் ஆல்பியன் கிளப். அதன்பின் அவர் ஹெட்னஸ்ஃபோர்ட் டவுன் என்ற சிறிய கிளப்பில் ஆடினார், அது இங்கிலாந்தின் மேல் நான்கு அடுக்கு லீகுகளுக்கு வெளியே இருந்தது. 19 வயதில்தான் ஸ்டாக்போர்ட் கவுன்டி கிளப் எடுத்துக்கொண்டது. 2007இல் நான்காம் அடுக்கில் ஸ்டாக்போர்ட் ஒரு கோல்கூட வாங்காமல் தொடர்ந்து ஒன்பது ஆட்டங்களை வென்றது. அப்போது கோல் காத்த வெய்ன் ஹென்னஸிதான் லில்லிலும் வில்லியம்ஸுக்குப் பின்னால் நின்றார். 2008இல் ஸ்வான்சி கிளப்புக்குப் போனார், அதோடு 2011இல் முதல் அடுக்கான பிரீமியர் லீகுக்கு ஏறினார், 2013இல் லீக் கோப்பையை வென்றார். தாய்வழித் தாத்தா வேல்ஸ்காரர் என்பதால் கிடைத்த வேல்ஸ் தேசிய அணிச் சட்டையை 86 முறை அணிந்தார். அந்த யூரோவிலேயே, வட அயர்லாந்துக்கு எதிரான ஆட்டத்தில் சக வீரரோடு மோதித் தோளில் அடிபட்டும் அவர் வெளியேறவில்லை.

அன்று வேல்ஸ் 3-1 என்று ஜெயித்தது. இரண்டாவது கோலை அடித்த ராப்சன்-கானுவுக்கு அன்றைய தேதியில் கிளப்பே இல்லை. ரெடிங் கிளப்போடு இருந்த ஒப்பந்தம் அப்போதுதான் முடிந்திருந்தது. அந்தக் கோலின்போது மகன் படியில் இல்லை, சோபாவில் என் பக்கத்தில் இருந்தான்.

‘ஆயிரத்தில் ஒருவரைக் காட்டி ஆசை வளர்க்கிறீர்கள்’ என்று யாராவது சொல்வீர்கள். எல்லோரும் வில்லியம்ஸ் ஆவார்கள் என்று நான் சொல்லவே இல்லை. படிப்பை விடச் சொல்லவும் இல்லை. என் மகன் எலக்ட்ரீஷியன் வேலை கற்றான், சனிக்கிழமைகளில் ஒரு சிறிய கிளப்புக்கு ஆடுகிறான், பயணப்படியை விடக் கொஞ்சம் கூடுதலாகத் தருகிறார்கள். பிரீமியர் லீக் இல்லைதான். ஆனால் பந்து தலைக்கு மேலே வரும்போது அவன் முகத்தைப் பார்க்கிறேனே, எனக்கு அது போதும்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு வாரம் அவனிடம் கால்பந்து பேசாதீர்கள். பிறகு பக்கத்து ஊர்ச் சிறிய கிளப்களைப் பாருங்கள். இங்கே ஜூலையில் பயிற்சி தொடங்குவார்கள். மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருக்க வேண்டாம். பயிற்சி நடக்கும் மாலையில் அவனோடு நேரில் போய், பயிற்சியாளரிடம் ‘இவன் பின்களம் ஆடுவான், ஒருமுறை பாருங்கள்’ என்று கேளுங்கள். பூட்ஸை மறக்காமல் கையோடு எடுத்துப் போங்கள்.