கண்மாய்க் கணக்கு – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்குச் சொந்த ஊர் காரைக்குடிப் பக்கம். இருபது வருடமாக அமெரிக்காவில், பென்சில்வேனியாவில் இருக்கிறேன். எங்கள் கவுண்டியில் விவசாய நிலம் வீட்டுமனை ஆகாமல் காப்பதற்கென்றே ஒரு அறக்கட்டளை உண்டு. 'லேண்ட் டிரஸ்ட்' என்பார்கள். சம்பளத்துக்கு நாலைந்து பேர்தான். நிர்வாகக் குழு முதல் எல்லை பார்க்கப் போவது வரை மீதி எல்லாம் என்னைப் போன்ற தன்னார்வலர்கள். கட்டடம் கட்டுவது, மனை பிரிப்பது ஆகிய உரிமைகளை மட்டும் விட்டுக்கொடுத்து விவசாயி பத்திரம் எழுதித் தருவார். சிலர் அதற்குப் பணம் வாங்குவார்கள், சிலர் தானமாகத் தருவார்கள். நிலம் அவருடையதே. உழலாம், விற்கலாம், பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். யார் கைக்குப் போனாலும் கட்டுப்பாடும் கூடவே போகும். வருடத்துக்கு ஒருமுறை நான் ஒரு படிவத்தோடு போய் எல்லை முழுக்க நடந்து பார்ப்பேன். பெரும்பாலும் 'மாற்றமில்லை' என்று எழுதிவிட்டு வருவதுதான். போரடிக்கும் வேலை.

போன வருடம் அப்பச்சி (எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) காலமானபின் ஊருக்கு வந்திருந்தேன். கண்மாய்க்குக் கீழே எங்களுக்குப் பன்னிரண்டு ஏக்கர். பக்கத்து வயலில் மனைக்கல் ஊன்றி, வளைவு கட்டி, 'நகர்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். பார்த்ததும் அழுதுவிட்டேன். இங்கே உள்ளது போல ஒரு அறக்கட்டளையை நம் ஊரில் தொடங்க முடியுமா? சட்டத்தில் இடம் உண்டா? அறங்காவலர்களாக யாரைப் போடலாம்? பணத்துக்கு நான் ஏற்பாடு செய்கிறேன்.

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள ஆச்சிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் எங்கள் ஊர்க் கண்மாய்க் கூட்டம் கலைந்திருந்தது. கலைந்தது என்றால் முடிந்தது என்று அர்த்தமில்லை. மீன் ஏலப் பணத்தில் பேச்சு வந்து, ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போக, பின்னாலேயே எட்டுப் பேர் போனார்கள். அந்த எரிச்சலோடுதான் உங்கள் கடிதத்தைத் திறந்தேன். கொஞ்சம் திட்டு விழும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சட்டம். இதை வக்கீலிடம் கேளுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் விவசாயி எழுதித் தரும் அந்தப் பத்திரத்துக்கு அங்கே ஈஸ்மெண்ட் என்று பெயர். நம்மிடமும் ஈஸ்மெண்ட் சட்டம் இருக்கிறது, 1882ஆம் வருடத்தியது. ஆனால் அதன்படி ஈஸ்மெண்ட் என்பது ஒரு நிலத்தை அனுபவிப்பதற்காக இன்னொரு நிலத்தின் மேல் இருக்கும் உரிமை. வண்டிப்பாதை, வாய்க்கால் மாதிரி. சொந்தமாக ஒரு சென்ட் நிலமும் இல்லாத அறக்கட்டளை 'இங்கே வீடு கட்டாதே' என்ற உரிமையை மட்டும் காலாகாலத்துக்கும் கையில் வைத்துக்கொள்ள அதில் லேசில் வழி கிடைக்காது. 2020இல் வந்த வேளாண் மண்டலப் பாதுகாப்புச் சட்டத்தையும் யாராவது உங்களுக்குச் சொல்வார்கள். அது காவிரிப் படுகைக்கானது. புதுக்கோட்டை மாவட்டத்தில் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில் என்று சில ஒன்றியங்கள் வரை வந்து நின்றுவிட்டது. காரைக்குடிக்கு வரவில்லை. சரி, சட்டம் போதும்.

பணத்துக்கு ஏற்பாடு செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். அதற்குக் காரணம் பின்னால் வரும்.

பன்னிரண்டு ஏக்கரைக் காப்பாற்ற வேண்டும் என்கிறீர்கள். அந்தப் பன்னிரண்டு ஏக்கருக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கண்மாயிலிருந்து. கண்மாய்க்கு? மேலூர்க் கண்மாய் நிறைந்து, மிஞ்சும் தண்ணீர் வெளியேறும் கலுங்கு வழிந்தால் வரத்துக்கால் வழியாக வரும். அதற்கும் மேலே ஒரு கண்மாய் இருக்கும். வற்றாத ஆறு என்று ஒன்று இல்லாத சீமை இது. ஐப்பசி கார்த்திகையில் பெய்வதைச் சங்கிலி கோர்த்தாற்போல ஒன்றிலிருந்து ஒன்றுக்கு இறக்கி, அதில் ஒரு போகம் எடுத்துவந்த ஊர்கள். உங்கள் பத்திரம் உங்கள் வரப்போடு நின்றுவிடும். வரத்துக்காலை எவனோ மண் அடித்து மூடி அதன்மேல் தார்ரோடு போட்டால் உங்கள் நிலம் சட்டப்படி நஞ்சையாகவே இருக்கும். நெல் மட்டும் விளையாது. இரண்டு வருடம் தரிசாகக் கிடந்தால் சீமைக்கருவேலம் ஏறிவிடும். 2017இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை உத்தரவு போட்டு ஊர் ஊராக வெட்டினோமே, அந்த மரம்தான். எங்கள் கண்மாயில் இப்போது ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறது. நிலம் மனையாகாமல் தடுக்கப் பத்திரம் போதும். முள்ளாகாமல் தடுக்க ஆள் வேண்டும்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபிக்கக் கூடாது. ஊரில் இல்லாதவர்கள் நிலம் வைத்திருப்பது நம் பக்கத்தில் பழைய கதை. பர்மாவில் நெல் விவசாயிக்குக் கடன் கொடுத்தார்கள் உங்கள் முன்னோர்களான செட்டியார்கள். அவர்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டுப் போனவர்கள் இல்லை, வட்டிக்குப் போனவர்கள். 1930 வாக்கில் நெல் விலை விழுந்தது, கடன் திரும்பவில்லை, ஈடாகப் பிடித்த நிலம் கைக்கு வந்தது. 1930இல் கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஆறு சதவீத நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1930களின் கடைசியில் கால்வாசி. அப்புறம் போர், அப்புறம் பர்மிய அரசின் நிலச் சட்டங்கள், எல்லாம் போயிற்று. அந்தக் கால்வாசியில் எத்தனை வரப்பில் ஒரு செட்டியாரின் கால் பட்டிருக்கும்? பேரேட்டில் மட்டும் இருந்த நிலம் அது. குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. பர்மாத் தேக்கில் செய்த ஒரு கதவு, ஏதோ ஒரு செட்டியார் வீட்டை இடித்தபோது விலைக்கு வந்தது, இப்போது என் வீட்டு வாசலில்தான் இருக்கிறது.

ஆனால் அதே மனிதர்கள் கணக்கு எழுதியதைப் போல வேறு யாரும் எழுதியதில்லை. குறிப்பேடு, பேரேடு, ஐந்தொகை. கோயிலுக்குப் புள்ளி வரி என்றால் கல்யாணமான ஆண் ஒவ்வொருவனும் ஒரு புள்ளி, கடல் கடந்து எங்கே இருந்தாலும் கணக்கில் உண்டு. நீங்கள் ஊருக்குக் கொண்டுவர வேண்டியது பணத்தை இல்லை ஆச்சி, அந்தப் பழக்கத்தை.

உத்திரமேரூர்க் கல்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பராந்தக சோழன் காலம், கி.பி. 919, 921. மேடையில் பேசுகிறவர்கள் எல்லோரும் குடவோலையைச் சொல்வார்கள். பானை, ஓலை, சின்னப் பையன் கையை விட்டு எடுப்பது, ஜனநாயகம், கைதட்டல். எனக்கு அலுத்துவிட்டது. முதலாவதாக அது பிராமணர்களின் சபை. ஏரியில் மண் வெட்டியவனின் பெயர் அந்தப் பானைக்குள் போகவே போகாது. இரண்டாவதாக, அந்தக் கல்வெட்டில் இன்றைக்கும் நமக்கு உறைக்க வேண்டிய இடத்தை யாரும் படிப்பதில்லை. ஏரிக்கென்று தனி வாரியம் இருந்தது. காலம் 360 நாள். கடந்த மூன்று வருடத்துக்குள் வாரியத்தில் இருந்தவன் மறுபடி வரக்கூடாது. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனின் பெயரை எழுதவே கூடாது. அவனுடைய சொந்தக்காரர்கள் பெயரையும் கூடாது! அத்தை மகன், மாமன் மகன் வரை பட்டியல் போட்டுத் தடுத்திருக்கிறார்கள். கல்லில் வெட்டி வைக்கும் அளவுக்கு அவர்களை அந்தக் கணக்குப் படுத்தியிருக்கிறது.

எங்கள் அய்யாவைப் பற்றி முன்பு எங்கோ ஒருமுறை எழுதியிருக்கிறேன். அப்பாவின் அப்பா. எங்கள் கண்மாயில் மடை திறந்து மூடும் வேலை அவருக்கு. எழுதப் படிக்கத் தெரியாது. அந்தக் கண்மாய்க்குக் கீழே அவருக்கு ஒரு குழி நிலம் கிடையாது. நிலம் இல்லாததால்தான் அவரிடம் மடையைக் கொடுத்தார்கள் என்று அப்பா சொல்வார். கூலி, அறுப்பு முடிந்து களத்தில் அளக்கும் நெல். அதை வாங்குவதற்கு முன்னால் ஒரு நாள் சாயங்காலம் அய்யனார் கோயில் வாசலில் உட்கார்ந்து சொல்ல ஆரம்பிப்பார். இன்ன ராத்திரி இன்ன மடை, இன்னார் வயல், எவ்வளவு நேரம், கடைமடைக்கு எப்போது போய்ச் சேர்ந்தது, எங்கே உடைத்துக்கொண்டது, யார் வந்து மண் போட்டார்கள். தலைக்கட்டு தலைக்கட்டாக ஒருவரையும் விடாமல். சொல்லி முடிக்க இரண்டு மணி நேரம் ஆகும். சுற்றிலும் இருப்பவர்கள் வெற்றிலை போடுவார்கள், மாட்டு விலை பேசுவார்கள், நான் அவர் மடியிலேயே தூங்கிப்போவேன். யாரும் கவனிப்பதாகவே தெரியாது. ஆனால் ஒரு பெயர் முன்பின் மாறினால் போதும், நாலு தலை சட்டென்று திரும்பும். "அது வியாழக்கிழமை இல்ல பெரியவரே, வெள்ளி." அவர் திருத்திக்கொண்டு மேலே போவார்.

நானும் கொஞ்ச காலம் அந்தக் கண்மாய்க்குச் செயலாளராக இருந்தேன். எம்.ஏ. படித்தவன், நோட்டு போட்டவன், ரசீதுக் கட்டு அச்சடித்தவன். மடைப் பலகை மாற்றினோம், ஜேசிபி வைத்து வரத்துக்காலை இரண்டு கிலோமீட்டருக்குத் திறந்தோம். அந்த வருடம் கலுங்கு வழிந்தது. சின்ன வயதுக்குப் பிறகு அப்போதுதான் பார்க்கிறேன். அந்தச் சந்தோஷத்தில் டீசல் வாங்கிய நாலாயிரத்து முந்நூறு ரூபாயை எழுதாமல் விட்டுவிட்டேன். பில்லும் இல்லை. வருடக் கூட்டத்தை 'பொங்கலுக்கு அப்புறம்' என்றேன், பிறகு 'மாசிக் களரி முடியட்டும்' என்று குலதெய்வக் கோயில் விழாவைக் காட்டினேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. திருடன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அடுத்த வருடம் கரை கட்டக் கூப்பிட்டபோது வந்தவர்கள் மூன்று பேர், அதில் ஒருவர் என் மச்சான். கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். சட்டைப் பையிலிருந்து எடுத்துக்கூடக் கொடுத்திருப்பேன். கேட்காமல் விட்டுவிட்டார்கள். அதிலிருந்து நான் இன்னும் மீளவில்லை என்பதை இந்தப் பத்தியின் நீளத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும்.

அதனால்தான் பணம் வேண்டாம் என்றேன். வெளிநாட்டிலிருந்து மொத்தமாகப் பணம் வந்து இறங்கினால் அதை யார் வைத்திருப்பது என்பதே ஊரின் ஒரே பேச்சாகிவிடும். வரத்துக்கால் அப்படியே கிடக்கும்.

கலிபோர்னியாவில், சான்பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் என்ற கவுண்டியில் விவசாய நிலத்துக்கென்றே தொடங்கிய முதல் அறக்கட்டளையை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1980இல் இரண்டு பெண்கள் தொடங்கியது. ஒருவர் உயிரியல் படித்தவர், மற்றவர் பால்மாட்டுப் பண்ணைக்காரர். அந்த இரண்டாமவர் இல்லாவிட்டால் எத்தனை விவசாயிகள் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்? யாரை அறங்காவலராகப் போடலாம் என்று கேட்டீர்கள் அல்லவா. ஊரில் சாணி வாசத்தோடு இருக்கும் ஒரு பெண்ணை முதலில் போடுங்கள். அப்பா பெயரில் அறக்கட்டளை வைக்கும் ஆசை இருந்தால் விடுங்கள். ஓய்வுபெற்ற அதிகாரியை வேண்டுமானால் கடைசியாகச் சேர்த்துக்கொள்ளலாம், அவர் பேசுவதற்கு நேரம் குறித்துவிட்டு. நீங்கள் தலைவராக வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடிக்காத ஒரே சொல் 'போரடிக்கும்'. ஒருத்தி வருடம் தவறாமல் வந்து, அடுத்தவர் நிலத்தின் எல்லை முழுக்க நடந்து, ஒன்றும் மாறவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறாள். அவள் வருவாள் என்று அந்த விவசாயிக்கும் தெரியும், அவன் நிலத்தை வாங்கக் காத்திருப்பவனுக்கும் தெரியும். நீங்கள் அழுதீர்களே அந்த வளைவு, அது ஒரே நாளில் எழும்பவில்லை. முதலில் வரத்துக்கால் அடைந்திருக்கும், அப்புறம் இரண்டு வருடம் தரிசு, அப்புறம் யாரோ ஒரு பங்காளி பவர் எழுதிக் கொடுத்திருப்பார். அத்தனையும் நடந்தபோது வருடம் ஒருமுறை வந்து பார்த்து எழுதிவைக்க ஒரு ஆள் இல்லை.

தை மாதம் வருகிறீர்களா? வந்தால் காலையில் ஆறு மணிக்கு மேலூர்க் கலுங்கிலிருந்து உங்கள் மடை வரை நடந்துவிடலாம். முள் தைக்காத செருப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் ஒரு உதவி. நீங்கள் எல்லை பார்க்கக் கொண்டுபோகும் அந்தப் படிவத்தில் ஒன்றை எழுதாமல் வெறுமையாக அனுப்பிவையுங்கள். தமிழில் மாற்றி எங்கள் கண்மாய்க்கு வைத்துக்கொள்கிறேன். பனி, உறைபனி என்று ஏதாவது கட்டம் இருந்தால் அதை மட்டும் அடித்துவிட்டு, அந்த இடத்தில் கருவேலம் என்று எழுதிக்கொண்டால் சரியாக இருக்கும்.