டெங்கு பற்றிக் கேட்டால் ஒப்பிக்கிறார்கள், டிரம்மை மட்டும் கழுவுவதில்லை!

கேள்வி: டாக்டர், என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் டெங்கு பற்றிக் கேட்டால் மடமடவென்று சொல்கிறார்கள், போஸ்டர் வரைந்து பரிசும் வாங்குகிறார்கள். ஆனால் அவர்கள் வீட்டு டிரம்மிலேயே கொசுப்புழு நெளிகிறது. தெரிந்தும் ஏன் இப்படி?
- ஓர் ஆசிரியை, கும்பகோணம்

பதில்: டீச்சர், அவர்களுக்குத் தெரிந்தது பாதிதான், அதுவும் பெரும்பாலும் சாக்கடையைப் பற்றியது. கொசு என்றாலே சாக்கடை, குப்பை, ராத்திரிக் கடி என்றுதான் நாம் சொல்லி வளர்த்திருக்கிறோம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு கடிப்பது பகலில். முட்டையிடுவது குளிக்கவும் சமைக்கவும் நாம் பிடித்து வைக்கிற நல்ல தண்ணீரில், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கிற டிரேயில், மொட்டை மாடியில் கிடக்கும் பழைய டயரில். சாக்கடைதான் காரணம் என்று நம்பும் பிள்ளை, நகராட்சி ஆட்கள் வந்து மருந்து அடிக்கட்டும் என்று இருப்பதில் ஆச்சரியமே இல்லை.

அதனால் அடுத்த போஸ்டர் போட்டியை விட்டுவிட்டு, புழு உள்ள தண்ணீரைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து, வாயை வலைத்துணியால் இறுக்கிக் கட்டி வகுப்பில் வையுங்கள். மேலே கையை ஆட்டினால் நிழல் பட்டதும் புழுக்கள் அடிக்கு ஓடும், கொஞ்ச நேரத்தில் மூச்சுவிட மேலே வரும். சில நாளில் அதே பாட்டிலில், காலில் வெள்ளைப் பட்டை போட்ட கொசு உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்த பிள்ளைக்கு வேறு பாடம் எடுக்கத் தேவையில்லை. (முடிந்ததும் துணியை அவிழ்க்காமல் நீங்களே அதன் மேல் வெந்நீரை ஊற்றிவிடுங்கள்.)

சரி, வீட்டுக்குப் போய் டிரம்மைக் கவிழ்த்தால் அம்மா திட்டத்தான் செய்வார், குழாயில் எப்போதோ தண்ணீர் வருகிற தெருவில் அந்தக் கோபம் நியாயமானதும்கூட. எனவே தண்ணீர் வருகிற நாளில், பிடிப்பதற்கு முன், உள்பக்கத்தைத் தேங்காய் நார் போட்டு அழுத்தித் தேய்க்கச் சொல்லுங்கள். வெறுமனே கொட்டினால் போதாது: முட்டைகள் தண்ணீர் மட்டத்தை ஒட்டிச் சுவரில் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடக்கும், திரும்பத் தண்ணீர் பட்டதும் பொரியும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும் என்பதால் வாரம் ஒருமுறை தேய்த்தால் போதும். பிறகு வாயைத் துணியால் இடைவெளி இல்லாமல் கட்டிவிட வேண்டும்.

அப்புறம், 'எனக்கு ஒரு தடவை வந்துவிட்டது, இனிமேல் வராது' என்று சொல்லும் பிள்ளைகளிடம் கட்டாயம் பேசுங்கள். டெங்கு வைரஸில் 4 வகை உண்டு. ஒன்று வந்து போனால் மற்ற மூன்றுக்கும் நிரந்தரப் பாதுகாப்பு கிடையாது, வேறு வகை இரண்டாம் முறை தாக்கும்போது நோய் கடுமையாகும் ஆபத்தும் அதிகம்.