நீட்டில் மார்க் வரவில்லை, பயோமெடிக்கல் இன்ஜினியரிங் சேர்க்கலாமா?

தங்கைக்கு நீட்டில் மார்க் போதவில்லை, பயோமெடிக்கல் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். சேர்க்கலாம். ஆனால் டாக்டர் சீட் கிடைக்காத குறையைத் தீர்த்துக்கொள்வதற்காகச் சேர்க்க வேண்டாம். இது மருத்துவக் கருவிகளை உருவாக்கவும் பராமரிக்கவும் கற்றுத்தரும் பொறியியல் படிப்பு. நான்கு வருடமும் பெரும்பாலும் சர்க்யூட், சென்சார், சிக்னல் பிராசஸிங், கணக்குதான். உடற்கூறியல், உடலியங்கியல் எல்லாம் பக்கவாத்தியம். கட்-ஆஃப் கூட கணக்கு, இயற்பியல், வேதியியல் மார்க்கில்தான்.

நான் தண்டையார்பேட்டைக்காரன். வேலை ஒரு தனியார் மருத்துவமனையின் பயோமெடிக்கல் பிரிவில். எங்கள் பக்கம் எல்லோருமே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கு யாரையாவது பார்க்கப் போயிருப்போம். டாக்டர், நர்ஸ் கண்ணில் படுவார்கள். கட்டில் பக்கத்து மானிட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்ப்பதற்கும் ஓர் ஆள் உண்டு என்பது தெரியாது. காசிமேட்டில் சத்தத்தை வைத்தே போட் எஞ்சின் கோளாறைச் சொல்லும் பையன்கள் இருக்கிறார்கள். இந்தப் படிப்பு இருப்பதை அவர்களிடம் யாரும் சொன்னதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

கொரோனா காலத்தில் விரலில் மாட்டினோமே, பல்ஸ் ஆக்ஸிமீட்டர், அதற்குப் பின்னால் இருந்தவர் டாக்டர் இல்லை. டகுவோ அவோயாகி என்ற ஜப்பானிய மின் பொறியாளர். இதயம் எவ்வளவு ரத்தத்தை வெளியேற்றுகிறது என்று காதில் ஒளியைச் செலுத்தி அளக்கப் பார்த்தார். நாடித்துடிப்பு குறுக்கே வந்து அளவைக் கெடுத்தது. அதை ஒழிக்கப் போராடும்போதுதான், அந்தத் துடிப்பை வைத்தே ரத்தத்தின் ஆக்ஸிஜனைக் கணக்கிடலாம் என்று பிடிபட்டது. 1974-ல் அதை வெளியிட்டார். ஆக்ஸிஜன் ஏறிய ரத்தம் சிவப்பு ஒளியைக் குறைவாகவும் அகச்சிவப்பை அதிகமாகவும் உறிஞ்சும். ஏறாத ரத்தம் நேர்மாறு. இரண்டையும் ஒப்பிட்டால் எண் வந்துவிடும். இதைக் கேட்டு உங்கள் தங்கையின் கண் விரிந்தால் நல்ல அறிகுறி.

வேலை இருக்கிறது. ஆனால் ஆரம்பச் சம்பளத்தை ஐடியோடு ஒப்பிட்டால் மனசு நோகும். சர்வீஸ் இன்ஜினியர் என்றால் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகணும். வென்டிலேட்டர் மக்கர் செய்தால் நள்ளிரவில் போன் வரும். பாதிப் பேரை சேல்ஸ் பக்கம் இழுத்துவிடுவார்கள். வடிவமைப்பில் ஆசை என்றால் எம்.டெக் வரை போவது நல்லது. ஐஐடி மெட்ராஸ், வேலூர் சிஎம்சி, திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை மருத்துவ நிறுவனம் மூன்றும் சேர்ந்து கிளினிக்கல் இன்ஜினியரிங் என்ற எம்.டெக் படிப்பை நடத்துகின்றன. நம் நாட்டிலேயே உருவான சித்ரா இதய வால்வு அந்தத் திருவனந்தபுரம் நிறுவனத்தில் பிறந்ததுதான்.

காலேஜ் பார்க்கப் போனால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். எந்த மருத்துவமனையில், எத்தனை வாரம் பயிற்சிக்கு அனுப்புவார்கள் என்று கேளுங்கள். லேபில் கருவியைத் திறக்க விடுவார்களா என்றும் கேளுங்கள். அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து படித்தவர் என்றால் 7.5 சதவீத ஒதுக்கீடு உண்டு, கட்டணத்தை அரசே ஏற்கும்.

அதற்கு முன்னால், எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஓர் ஆர்டுயினோவும் (நாமே புரோகிராம் எழுதி இயக்கும் சின்ன எலெக்ட்ரானிக் பலகை) பல்ஸ் சென்சாரும் வாங்கிக் கொடுங்கள். விரல் வைத்தால் திரையில் துடிப்பு வரும், விரல் அசைந்தால் கோடு கன்னாபின்னாவென்று ஓடும். அதைச் சரிசெய்ய ராத்திரி வரை உட்கார்ந்திருந்தால் தாராளமாகச் சேர்த்துவிடுங்கள். அரை மணியில் எடுத்து வைத்துவிட்டால் வேறு படிப்பைப் பற்றிப் பேசலாம்.